கார்பைடு டிரம்மின் முன்னால் நான் கும்பிட்டது

இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. ஆனாலும் முருகன் செய்ததை நம் அடியார்களிடம் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவள்.

நான் போர்ட் பிளேரில் வேதியியல் ஆசிரியை. என் கணவர் இங்கேயே புரோத்ராபூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். கேஸ் வெல்டிங்குக்கான கார்பைடு கல் மெயின்லேண்டிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். அடுத்த கப்பல் எப்போது வருமோ, தெரியாது. கடல்காற்றின் ஈரம் பட்டால் அசிட்டிலீன் என்ற எரிவாயு கிளம்பிக் கல் வீணாகிவிடும். அதனால் டிரம் மூடிக்கடியில் சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்து, இரும்பு வளையம் போட்டு இறுக்கிவிடுவார்.

போன மழைக்காலத்தில் கூரை ஒழுகி, திறந்திருந்த டிரம்முக்குள் தண்ணீர் விழுந்துவிட்டது. அதைப் பொருட்படுத்தாமல் வழக்கம்போல் இறுக்கி மூடிவிட்டார். மறுநாள் மதியம் நான் சாப்பாடு கொண்டு போனேன். மூடி உப்பிப்போயிருந்தது. வளையம் கழலவில்லை என்று அதை அறுக்கக் கிரைண்டரை ஓடவிட்டிருந்தார்!

சாப்பாட்டைக் கீழே வைத்தேன். எவ்வளவு தண்ணீர் போயிருக்கும் என்று கேட்டேன். ஒரு மக் இருக்கும் என்றார். மனசு தானாகவே கணக்குப் போட்டது. ஒரு லிட்டர் தண்ணீர், ஐம்பத்தைந்து மோல். இரண்டு மோல் தண்ணீருக்கு ஒரு மோல் அசிட்டிலீன். டிரம்மில் காலி இடம் ஐம்பது லிட்டர். தண்ணீர் முழுதும் கல்லோடு சேர்ந்தால் வெளிக்காற்றைப்போல் பதினான்கு மடங்கு அழுத்தம். அந்தத் தகரம் அதில் பாதியைக்கூடத் தாங்காது. அதற்குமேல் கிரைண்டரின் தீப்பொறி வேறு.

"என்னங்க, தொடாதீங்க. வெடிச்சிடும்."

"அரே, கேஸ்தானே, புஸ்ஸுன்னு போயிடும். போட்டுக்காரன் வெல்டிங்குக்கு நிக்கிறான், உன் கிளாஸ அப்புறம் எடு."

கையைப் பிடித்தேன். உதறிவிட்டார். வீட்டில் இரண்டு பிள்ளைகள். அழக்கூட வரவில்லை. முருகா, என் பேச்சு இவர் காதில் ஏறவில்லை, நீதான் நிறுத்த வேண்டும் என்று நின்ற இடத்திலேயே கும்பிட்டேன்.

கிரைண்டர் நின்றது. கரண்ட் போய்விட்டது.

திட்டிக்கொண்டே, பக்கத்துக் கடையில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க வெளியே போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். இவரையும் வாசலில் நின்ற போட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டியிருப்போம், அழுத்தம் தாங்காமல் டிரம் வெடித்துப் பட்டறையே சிதறியது. கூரைத் தகடு பறந்து வந்து என் கணவரின் தோளைக் கிழித்தது. அவருக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது. பட்டறையில் எதுவும் மிஞ்சவில்லை.

இன்று அவர் வேறொருவர் பட்டறையில் கூலிக்குப் போகிறார். முன்போல் பேசுவதில்லை. சில ராத்திரி எழுந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார். கோயில் பக்கமே வராத மனிதர், இப்போது கிருத்திகை தவறாமல் என்னோடு வருகிறார்.  சன்னதியில் நின்றால் கண் நிறைந்துவிடும்.

கரண்ட் போவது இந்த ஊரில் புதிதா என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்கிறார்கள். புதிதில்லைதான். அழுத்தம் எவ்வளவு என்று என் படிப்பு சொன்னது. ஆனால் அவர் கையை நிறுத்த என் படிப்பால் முடியவில்லையே.

உங்கள் பேச்சும் வீட்டில் எடுபடாமல் போகும் நேரம் வரும். அப்போது அவனைக் கூப்பிடுங்கள். எல்லாவற்றையும் காப்பாற்றித் தருவான் என்று நான் சொல்லமாட்டேன். எங்களுக்குப் பட்டறை போயிற்று. ஆனால் நேற்று ராத்திரியும் என் வீட்டில் நாலு தட்டு வைத்தேன்.