திரும்பி அழச் சொன்னேன்

பிள்ளைகளே, நான் செய்த ஒரு தப்பை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

திருவனந்தபுரத்தில், சாலை என்ற கடைத்தெருவுக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். ஒரு பெரிய வெள்ளியன்று, ஈஸ்டர் சடங்குகளைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் ஆறு பேரைக் கடலோரத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனேன். வழிகாட்டியும் நானேதான்.

சிலுவை ஊர்வலத்தின் பின்னால் ஒரு அம்மா மணலில் மண்டியிட்டுக் கதறினார். "இயேசுவை நினைத்து இங்கே இப்படித்தான் அழுவார்கள்" என்று தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். கேமராவுக்கு அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. நான் பக்கத்தில் போய், "சேச்சி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி அழுங்க, போட்டோ எடுக்கட்டும்" என்றேன்.

அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என் மோன் கடலுக்குப் போயி நாலு நாளாச்சு அண்ணா. வள்ளம் மட்டுந்தான் கரைக்கு வந்துச்சு."

சொல்லிவிட்டு, நான் கை காட்டிய பக்கமே திரும்பி உட்கார்ந்தார்.

"என்ன சொல்கிறார்?" என்று அவர்கள் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் வந்தவர்களின் நாள் கெட்டுப்போகுமே என்று பயந்து, "ஜெபம் சொல்கிறார்" என்றேன். ஆறு பேரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

யாராவது அழுதால், எதற்கென்று முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அந்தப் படம் எந்த நாட்டிலோ யார் வீட்டிலோ இருக்கும். அதில் அந்த அம்மா இன்னமும் இயேசுவுக்காக அழுதுகொண்டிருக்கிறார்.