ஆப்பரேஷன் யாருக்கு

என் மனைவிக்கு எதுவுமே ஒத்துக்கொள்ளவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் விஷயம் தெரிந்த ஒவ்வொருவரும் "நீ ஏன்டே போய்ப் பண்ணின?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

இரண்டாவதாகப் பையன் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலேயே அவளுக்குக் காப்பர்-டி போட்டுவிட்டார்கள். கேட்டுத்தான் போட்டார்கள். பிரசவ வலியில் கிடந்தவளிடம் ஒரு காகிதத்தை நீட்டிக் கேட்டார்கள். அதிலிருந்து மாதம் பத்து நாள் உதிரப்போக்கு. தாராவியில் எங்கள் சந்து முழுவதற்கும் ஒரே பொதுக் கழிப்பறைதான். காலை ஆறு மணிக்கே வரிசை வளைந்து நிற்கும். அவள் ஒரு துணிப்பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்பாள். உள்ளே போய் இரண்டு நிமிஷம் ஆனால் வெளியிலிருந்து கதவைத் தட்டுவார்கள். அங்கிருந்து வந்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, பை தைக்கிற கார்கானாவில் போய் நாள் முழுக்க மிஷின் முன்னால் உட்கார வேண்டும். டாக்டரிடம் சொன்னால், "மூணு மாசம் பொறுத்துக்கோ, உடம்பு பழகிடும்" என்று பதில் வந்தது. மூன்று மாதம் ஆறு மாதம் ஆயிற்று. ஒருநாள் மிஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். அதற்குப் பிறகுதான் எடுத்தார்கள்.

அடுத்தது மாத்திரை. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கியது. இரண்டாவது அட்டையில் தலைவலி தொடங்கியது. வலி வருவதற்கு முன்னால் கண்ணோரத்தில் வெல்டிங் பொறி மாதிரி வெளிச்சம் ஓடுகிறது என்றாள். வேறொரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் திட்டினார். "இந்த மாதிரி வெளிச்சம் தெரியற தலைவலி இருந்தா இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. யார் கொடுத்தா?" யார் கொடுத்தார்கள் என்று சொல்ல? கடையில் அவள் உடம்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி இருக்கிறது, வாரம் ஒன்று போடுகிற வேறு மாத்திரை இருக்கிறது, ஆணுக்கும் சின்ன ஆப்பரேஷன் இருக்கிறது என்று அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். என் மனைவி காதில் வாங்கவில்லை. வெளியே வந்ததும், "இனி என் ஒடம்புல ஒண்ணையும் போட்டுப் பாக்க மாட்டேன்" என்றாள்.

மிச்சம் இருந்தது ஆணுறை. அதில் தப்பு என்னுடையது. ஒருநாள், இன்றைக்கு ஒன்றும் ஆகாது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அந்த மாதம் அவளுக்குத் தள்ளிப்போயிற்று. பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் அவள் என்னிடம் சாப்பாடு போடுவதற்கு மட்டும்தான் பேசினாள். பன்னிரண்டாம் நாள் காலையில் கழிப்பறை வரிசையிலிருந்து திரும்பி வந்து, அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நிம்மதியில் அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான் பண்ணிக்கிடுதேன்" என்றேன்.

"என்னத்தை?"

"ஆப்பரேசனை."

மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீங்க ஏசி தூக்கி மாட்டுத ஆளு. நாளைக்கு இடுப்புல பெலமில்லன்னு உக்காந்துட்டா நான் என்ன செய்வேன்?"

அதற்குள் அம்மா காதில் விழுந்துவிட்டது. எங்கள் வீடு கீழே ஒரு அறை, இரும்பு ஏணி ஏறினால் மேலே ஒரு அறை. இங்கே எதுவும் ரகசியம் இல்லை. "எய்யா, ஊர்ல ஒலகத்துல எல்லா பொம்பளையும் பண்ணிக்கிடல? நீ எதுக்குப்பா? ஆம்பளை பண்ணிக்கிட்டான்னா நாலு பேரு என்ன பேசுவான்?" என்று ஆரம்பித்தாள். குழம்புக்கு உப்புப் போடுவதில்கூட என் அம்மாவும் மனைவியும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. இந்த ஒரு விஷயத்தில் ஒன்று சேர்ந்துகொண்டார்கள்.

டாக்டரம்மா சொன்னதை நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பெண்ணுக்கு என்றால் வயிற்றைத் திறக்க வேண்டும். எனக்கு ஒரு சின்ன ஓட்டை, அரை மணி நேரம், அன்றைக்கே வீடு. பலம் எங்கேயும் போகாது. சர்வீஸ் ரசீதின் பின்பக்கம் படம் போட்டு, ஏசியில் கேஸ் போகிற குழாயை அடைக்கிற மாதிரிதான் என்று காட்டினேன். அம்மா சேலையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் வேறு கதை. ஆலோசனை சொல்கிற மேஜையில் இருந்த பெண் என் பின்னால் எட்டிப் பார்த்து, "பீவி கிதர் ஹை?" என்றார். மனைவி வரவில்லை, ஆப்பரேஷன் எனக்கு என்றேன். அடுத்த வாரம் பெண்களுக்குப் பட்டியல் இருக்கிறது, அவளை அழைத்து வாருங்கள் என்றார். எனக்கு என்று மறுபடியும் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். இரண்டு பேரும் நல்லவர்கள்தான், கேலி செய்யவில்லை. ஆனால் வழி தவறி வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

அடுத்த முறை மனைவியும் வந்தாள். உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டதற்கு, "அவரு சொன்னாக் கேக்க மாட்டாரு" என்று தமிழில் சொன்னாள். சம்மதம் என்று நான் மொழிபெயர்த்தேன்.

தேதி கொடுத்தார்கள். லீவு போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு போனால், பட்டியலில் நான் ஒருவன்தான் ஆண். ஒரு ஆளுக்காகத் தியேட்டரைத் திறக்க முடியாதாம், இன்னும் ஒருவர் வரட்டும் என்றார்கள். ஷேர் டாக்ஸிக்கு ஆள் சேர்ப்பது போல. அடுத்த தேதியில் டாக்டர் வரவில்லை. திரும்பி வந்த இரண்டு முறையும் அம்மா, "சாமியே வேண்டாங்குது" என்றாள். மூன்றாவது தேதியில் ஒரு டெம்போ டிரைவரும் வந்திருந்தார். அவர் முதலில், நான் பிறகு. மரத்துப்போக ஒரு ஊசி, கொஞ்சம் இழுக்கிற மாதிரி ஒரு வலி. முடிந்தது என்றார்கள். நான் இன்னும் தொடங்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் படுத்திருக்க வேண்டும், ஒரு வாரம் கனம் தூக்கக் கூடாது. என்னைப் பார்த்துக்கொள்ள மனைவி கார்கானாவில் நான்கு நாள் லீவு எடுத்தாள். அதுதான் வினையாயிற்று. அவள் வேலைக்குப் போகாததைப் பார்த்துச் சந்தில் கேட்டவர்களிடம் அம்மா, "மருமவளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேசன்" என்று சொல்லியிருக்கிறாள். ஆண்டாப் ஹில்லில் இருக்கிற என் அத்தைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அத்தை வந்துவிட்டாள். வாசலில் குரல் கேட்டதும் அம்மா ஓடிவந்து, "ஏல, எந்திரி, எந்திரி" என்று என்னைக் கட்டிலிலிருந்து கிளப்பினாள். "ஏட்டி, நீ படு." என் மனைவி கையில் மாவு ஒட்டியிருக்க அப்படியே போர்வைக்குள் புகுந்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அத்தை சாத்துக்குடியும் பன்னும் கொண்டுவந்திருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து மனைவியின் தலையைத் தடவினாள். "ரொம்ப நோவுதாட்டி?"

"இல்ல சித்தி, பரவாயில்ல."

"மூஞ்சியே வத்திப்போச்சு பாரு." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன்டே நின்னுக்கிட்டு இருக்க? ஒரு டீ போடு. பொண்டாட்டி படுத்துக் கெடக்கால்லா" என்றாள்.

போட்டேன். காலை அகட்டி அகட்டி நடந்து, அடுப்பு முன்னால் நின்று, நான்கு பேருக்கு டீ போட்டேன். அத்தை குடித்துவிட்டு, "தங்கமான புருசன். எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே" என்றாள். எனக்கு அந்த டம்ளரைச் சுவரில் எறியலாம் போல இருந்தது.

அவள் போனதும் மனைவி எழுந்து எனக்கு இடம் விட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஒரு சாத்துக்குடியை உரித்து என் கையில் வைத்தாள். "நோவு ஒங்களுக்கு. பழத்தையாவது தின்னுங்க."

மூன்று மாதம் கழித்துச் சோதனை செய்தார்கள். அதுவரை ஆணுறைதான். இந்த முறை நான் எந்த முடிவும் நானாக எடுக்கவில்லை. ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. எந்த மாதமும் அவள் தேதியைப் பார்த்துப் பயப்படுவதில்லை. நானும் போன வாரம் முலுண்டில் நாலாவது மாடிக்கு ஏசி சுமந்தேன். இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கார்கானாவில் அவளுக்குப் பக்கத்து மிஷின்காரிக்கும் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையாம். அம்மா சந்தில் சொன்னது அவள் காதுக்கும் எட்டியிருக்கிறது. "ஒனக்கு எப்படி இருந்துச்சு ஆப்பரேசன்?" என்று கேட்டிருக்கிறாள். என் மனைவி, "ஒண்ணுமே தெரியலை, நாலே நாள்ல வேலைக்கு வந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். அவளும் தேதி வாங்கிவிட்டாள்.

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. "உண்மையைச் சொல்லாம அவளை எதுக்குப் பிடிச்சுத் தள்ளுத?"

"நீங்க ஒங்க ஏசி கடையில லீவுக்கு என்ன சொன்னீங்க?"

நான் டூல் பையை இழுத்து வைத்து ஸ்பேனர்களை எண்ணினேன்.

"ஹெர்னியான்னுதான?"

ஹெர்னியா என்றுதான் சொல்லியிருந்தேன்.

மறுநாள் செம்பூரில் ஒரு ஃபிளாட்டில் ஜன்னலுக்கு வெளியே பிராக்கெட் அடித்துக்கொண்டிருக்கும்போது, கூட வேலை செய்கிறவரிடம் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சாயங்காலத்துக்குள் கடை முழுக்கத் தெரிந்துவிட்டது. என் மனைவியும் அந்த வாரமே பக்கத்து மிஷின்காரியிடம் உள்ளதைச் சொன்னாள். அவள் வீட்டில் போய்ப் புருஷனிடம் கேட்டிருக்கிறாள். அந்த ஆளும் சிரித்தானாம். அவளே போய்ப் பண்ணிக்கொண்டாள்.

தையல் பிரிக்கும் முன்னால் என் மனைவி அவளைப் பார்க்கப் போனாள். என்னையும் கூப்பிட்டாள். நான் போகவில்லை. போயிருந்தால் அவள் புருஷனை ஏதாவது கேட்டிருப்பேன்.