வண்டிச் சத்தம் கேட்டதும்

என் தாய்மாமாவை நினைத்தால் இன்றைக்கும் முதலில் எரிச்சல்தான் வரும், பாசம் அப்புறம்தான். அவருக்குக் கல்கத்தாவில் ஏதோ ஓர் ஆபீசில் வேலை. அங்கே ஒரு மெஷின் இருந்ததாம். துளை போட்ட அட்டைகளைக் கொடுத்தால், துளையைப் பார்த்தே ஊர்வாரியாக, வயதுவாரியாகப் பிரித்து அடுக்கிவிடுமாம். லீவில் வந்த மனிதர் அந்த மெஷின் கதையையே பேசி எங்கள் பிராணனை வாங்கினார். அதற்கு மூளை கிடையாதாம், அதனால்தான் அது தப்பே செய்யாதாம். எங்கள் வீட்டில் ஆளாளுக்கு யோசிப்பதால்தான் ஒரு காரியமும் உருப்படவில்லையாம்.

அந்த லீவில்தான் என் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாமா கொண்டுவந்த வரன். அக்காவுக்குப் பதினேழு வயது, மாப்பிள்ளைக்கு முப்பத்தெட்டு, அவருக்கு இது இரண்டாம் தாரம். நிலபுலன் நிறைய இருந்ததால் வயதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவை யாரும் கேட்கவுமில்லை.

மாமா ஆளுக்கொரு தாள் எழுதிக் கொடுத்தார். பத்து வயதுப் பெண்ணான எனக்குக் காப்பித் தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் டிகாஷனில் பால் ஊற்று. சீனி போட்டு ஐந்து டம்ளரில் ஆற்று. தட்டை அக்காவிடம் கொடு. மறுபடி முதல் வரிக்குப் போ. ஆண்கள் ஒரு வண்டியிலும் பெண்கள் ஒரு வண்டியிலும் வருவார்கள் என்பதால் அந்தக் கடைசி வரி. அதை எழுதியதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

“நீ யோசிக்கவே கூடாது புள்ள. தாள்ல இருக்கிறத மட்டும் செய்யி,” என்றார். வகுப்பில் முதலாவதாக வருகிறவள் நான். என்னிடம் போய் இப்படிச் சொன்னால்!

அய்யாவும் மாமாவும் விருந்தாளிகளை எதிர்கொள்ள ஊர் எல்லைக்குப் போய்விட்டார்கள். அம்மா அடுத்த வீட்டு அடுப்பில் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வாலிநோக்கத்திலிருந்து உப்பு ஏற்றிவரும் மாட்டுவண்டி. பின்னால் வரிசையாக இன்னும் ஆறு. தாளில் வண்டி என்றுதான் இருந்தது, என்ன வண்டி என்று இல்லை. இருந்தாலும் மனசு கேட்காமல் அக்காவிடம் போனேன். அவள் பட்டுச்சேலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“உப்பு வண்டிதான் வருதுக்கா. காப்பி போடவா?”

“தாள்ல என்ன போட்டிருக்கு?”

“வண்டிச் சத்தம் கேட்டதும்னு.”

“அப்பப் போடு.”

போட்டேன். அக்கா தட்டை வாங்கி, யாருமில்லாத கூடத்துக்குப் போய்த் திரும்பி, ஐந்து டம்ளரையும் கொல்லையில் கழுநீர்த் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தாள். இரண்டாவது வண்டியோடு பால் தீர்ந்தது. நான்காவதோடு சீனி தீர்ந்தது. தீர்ந்தால் என்ன செய்வதென்று மாமா எழுதவில்லை. பாலில்லாமல், சீனியில்லாமல் ஆற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். விருந்தாளிகளின் வில்வண்டிகள் இரண்டும் வந்து நின்றபோது டிகாஷனில் வண்டல்தான் மிச்சம்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். “இது என்ன, பானை கழுவுன தண்ணியா? வந்தவுகள இப்பிடித்தான் மதிப்பீகளா?”

அய்யா எவ்வளவோ கெஞ்சினார். வண்டிகள் திரும்பிவிட்டன.

மாமா என் தோளைப் பிடித்து உலுக்கினார். “உப்பு வண்டிக்கும் வில்வண்டிக்கும் வித்தியாசம் தெரியாதா ஒனக்கு?”

“தெரியும். நீங்கதான யோசிக்கக் கூடாதுன்னீக.”

அவர் தாளை வாங்கி மூன்று முறை படித்தார். பிறகு பேனாவை எடுத்து, ‘வண்டி’க்கு முன்னால் ‘வில்’ என்று சேர்த்தார். சம்பந்தமே கைவிட்டுப் போய்விட்டது, இவர் தாளைத் திருத்திக்கொண்டிருக்கிறார்!

அம்மா என் முதுகில் நாலு வைத்தாள். அக்கா எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நாளாகச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனவள், அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து, விருந்தாளிகளுக்குச் சுட்ட பணியாரத்தைத் தட்டு நிறையப் போட்டுத் தின்றுகொண்டிருந்தாள். எனக்கும் இரண்டு நீட்டினாள். வாங்காமல் முறைத்தேன். அடி வாங்கியது நான், இவளுக்கு எங்கிருந்து இவ்வளவு பசி வந்தது என்று அவள்மேல் எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.