மான் தின்னாத பூக்கள்

அம்மாவுக்குப் பருவப் பூக்களில் நம்பிக்கை இல்லை. மாரி முடிந்ததும் பக்கத்து வளவில் செவ்வந்தி வரிசையாகப் பூத்து நிற்கும். அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "வடிவுதான். ஆனா மூண்டு மாசத்தில செத்துப்போறதுக்கு ஏன் இவ்வளவு தண்ணி?" என்பார். அவர் தேர்ந்தெடுத்தவை எல்லாம் ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்பவை: செவ்வரத்தை, அலரி, காகிதப்பூ, நித்தியகல்யாணி. நிறங்களில் மட்டும் அவருக்கு அடக்கமே கிடையாது. ரோஸ் அலரிக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் காகிதப்பூ, அதன் காலடியில் ஊதா நித்தியகல்யாணி. துறைமுகத்தில் வேலை செய்த அப்பா, "கப்பலில கொடி கட்டி விட்ட மாதிரி இருக்கு" என்று கேலி செய்வார். அம்மா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இப்போது காலையில் தண்ணீர் விடுவது நான்தான். வாளியோடு முற்றத்தில் இறங்கும்போது அம்மா நின்று பார்த்த இடங்களில் நானும் நின்று பார்க்கிறேன். அலரி இப்போது கூரையைத் தொடுகிறது.

அம்மாவின் செல்லம் செவ்வரத்தைதான். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு அடுக்கு என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வீட்டில் தடி கேட்டு வாங்கி வந்து நட்டவர். கோட்டைப் பக்கத்து மான்களுக்கும் அதுதான் செல்லம். எங்கள் வீதியில் அவை மாடுகளைப் போலத் திரியும். அலரியை முகர்ந்தும் பார்க்காது. காகிதப்பூவை முள்ளுக்குப் பயந்து விட்டுவிடும். செவ்வரத்தை என்றால் மொட்டு, பூ, தளிர் ஒன்றும் மிச்சமில்லை. அதனால் அம்மா மீன்பிடிகாரரிடம் பழைய வலை வாங்கி, செவ்வரத்தைகளைச் சுற்றிக் கம்பு நட்டுக் கட்டியிருந்தார். வெயில் ஏறினால் முற்றம் முழுக்கக் கருவாட்டு மணம்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கதை பேச்சுக் குறைவு. யாராவது வீட்டுக்கு வந்தால் குசினிக்குள் போய்விடுவேன். படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திய பிறகு வெளியே போய்க் கதைக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. என்னைப் பெண் பார்க்க இரண்டு இடங்களிலிருந்து வந்து போனார்கள். இரண்டாவதாக வந்தவர்கள், "பிள்ளை கதைக்காதோ?" என்று என் முன்னாலேயே கேட்டார்கள். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சம்பந்தமும் போய்விட்டது. அம்மா அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடாமல் இருந்தது எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். அதனால் வருகிறவர்கள் பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. கூரை, கிணறு, வளவு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். மூன்றாவதாகக் கந்தளாய்ப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகனும் வரப்போகிறார்கள் என்று தெரிந்த அன்றே அம்மா கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். அவர்கள் வருகிற கிழமை பூக்கும்படி செவ்வரத்தைகளைக் கத்தரித்து, எருப் போட்டார்.

"இவள் வாய் திறக்க மாட்டாள். வளவாவது கதைக்கட்டும்" என்று அப்பாவிடம் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது எல்லாச் செடியிலும் மொட்டு அவிழ்ந்திருந்தது. அம்மா வலையைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார்.

"வலையைக் கழட்டன். மாப்பிள்ளை பிடிக்கக் கட்டினது எண்டு நினைக்கப்போகினம்" என்றார் அப்பா.

"உங்களுக்கு எல்லாம் பகிடி" என்றாலும் அம்மா வலையைக் கழற்றிச் சுருட்டிப் பின்பக்கம் போட்டார். அந்த மணம் போகட்டும் என்று முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். நான் உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்தேன். யன்னலால் பார்த்தால் மூன்று மான்கள். ஒன்றின் வாயில் வெள்ளைச் செவ்வரத்தைப் பூ பாதி தொங்கியது.

"அம்மா!" என்று கத்தினேன். அப்படிக் கத்த முடியும் என்று எனக்கே தெரியாது. அம்மா ஈரச் சேலையோடு ஓடி வந்தார். அப்பா தும்புத்தடியோடு ஓடினார். மான்கள் அவசரமில்லாமல் படலையால் வெளியே போயின. செவ்வரத்தைகள் வெறும் குச்சியாக நின்றன.

"இவளுக்குத் தொண்டை இருக்கு எண்டு இண்டைக்குத்தான் தெரியும்" என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார்.

வந்தவர்கள் வேனிலிருந்து இறங்கினார்கள். மகன் அப்பாவோடு உள்ளே போய்க் கதிரையில் இருந்தார். தாய் உள்ளே வரவில்லை. அலரியடியிலேயே நின்றுவிட்டார். அம்மா பக்கத்தில் போய், "செவ்வரத்தை நல்லாப் பூத்திருந்தது, அக்கா. விடியத்தான் மான் திண்டிட்டுது" என்றார். குரல் அழுகிறது போல இருந்தது.

"மானோ? எங்கட பக்கம் யானையெல்லோ! யானை வந்தா பூவும் இல்லை, மதிலும் இல்லை."

"மதிலுமோ?"

"போன வருஷம் வாழையைத் தேடி வந்து குசினிச் சுவரைத் தள்ளிப்போட்டுது. நீங்கள் பூவுக்கு அழுறியள்."

அம்மாவின் முகம் தெளிந்தது. "மானைச் சும்மா நினையாதேங்கோ. யானை வருஷத்தில ஒருக்கா வரும். இது ஒவ்வொரு நாளும் வரும்" என்று விட்டுக்கொடுக்காமல் சொன்னார்.

நான் தேத்தண்ணீர்த் தட்டோடு விறாந்தைக்கு வந்தபோது இரண்டு பேரும் முற்றத்தின் அடுத்த மூலையில் குனிந்து நின்றார்கள். எங்கே கொண்டு போவது என்று தெரியாமல் நான் படியிலேயே நின்றேன். அந்தத் தாய் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, இஞ்ச வாங்கோ. மான் தொடாத பூ எது எதெண்டு காட்டுங்கோ பாப்பம்."

தட்டைப் படியில் வைத்துவிட்டு இறங்கினேன். ஊதா நித்தியகல்யாணியைக் காட்டினேன். உப்புக் காற்றுக்கும் அது வாடாது என்றேன். காகிதப்பூவுக்குத் தண்ணீர் கூடினால் இலைதான் வரும், பூ வராது, கொஞ்சம் காயவிட வேண்டும் என்றேன். அலரித் தடியை வெட்டினால் பால் கையில் படக்கூடாது என்றேன். இடையில் அம்மாவைப் பார்த்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போகும்போது அந்தத் தாய் தடி கேட்டார். அம்மா ஒவ்வொன்றிலும் வெட்டி ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தார். சம்பந்தத்தைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. வேன் போன பிறகு அப்பா, "பொம்பிளை பாக்க வந்தவை தடி வெட்டிக்கொண்டு போயிட்டினம்" என்றார்.

நாட்கள் போயின. பதில் வரவில்லை. அம்மா செவ்வரத்தைகளுக்கு மறுபடி வலை கட்டினார். வீதியில் வாகனச் சத்தம் கேட்டால் தலை நிமிர்த்துவார். அந்தத் தாய்க்குப் பூக்கள் பிடித்தன, என்னைப் பிடித்ததா என்பது எனக்கும் தெரியாமல் இருந்தது. தெரிய வேண்டும் என்று முதல் தடவையாக விரும்பினேன்.

ஒரு பின்னேரம் மகன் தனியாக வந்தார். கையில் மண்ணோடு ஒரு பை.

"மஞ்சள் கல்வாழைக் கிழங்கு. அம்மா தந்துவிட்டவ. யானை மிதிச்சாலும் சாகாதாம்."

அம்மா பையை வாங்கினார். "எங்கட அலரி துளிர்த்திட்டுதோ?"

"ஓம், துளிர்த்திட்டுது."

"காகிதப்பூ?"

"அதுவும்." அவர் தரையைப் பார்த்தார். அவரும் என்னைப் போலத்தான் என்று அப்போது விளங்கியது. "தை மாசம் நாள் வைப்பமோ எண்டு அம்மா கேக்கச் சொன்னவ."

அப்பா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் குசினிக்குள் ஓடினேன். அடுப்பில் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

அவர் போன பிறகு அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கி என்னைக் கூப்பிட்டார். அந்த வளவில் எந்தப் பூ எங்கே நிற்க வேண்டும் என்று அதுவரை அவர் என்னிடம் கேட்டதில்லை.

"எங்க நடுறது, சொல்லு."

"நீங்கள் சொல்லுங்கோ, அம்மா."

"வளவு உனக்கெல்லோ. நீ சொல்லு."

நான் படலைப் பக்கத்தைக் காட்டினேன். அம்மா முகத்தைச் சுளித்தார்.

"அதில கச்சான் காத்து நேர அடிக்கும். இலையெல்லாம் கிழிஞ்சுபோம், பிள்ளை."

"பரவாயில்லை. அதிலயே வைப்பம்."

அம்மா நான் காட்டிய இடத்திலேயே கொத்தத் தொடங்கினார்.

அவர் சொன்னது சரிதான். ஒவ்வொரு ஆண்டும் கச்சான் தொடங்கினால் அந்த இலைகள் நார்நாராகக் கிழிந்து தொங்குகின்றன. அம்மா இருந்தவரை ஒவ்வொரு தடவையும், "நான் சொன்னனான்தானே" என்பார். ஆனால் கடைசிவரை அதை இடம் மாற்றவில்லை.