கரகம் திரும்பிய தெரு

மங்கலத்துக்கும் மாரியம்மனுக்கும் நாலரை வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. 2004 டிசம்பரில் அலை வந்து அவள் புருஷன் பாண்டியனைக் கொண்டுபோனது. மூன்றாம் நாள் கோயில் வாசலில் போய் நின்று, "இனிமே என் கையால ஒரு எலுமிச்சம்பழம்கூட உனக்குக் கெடையாது" என்று சொல்லிவிட்டு வந்தவள்தான், பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவள் பாட்டுக்கு விடிந்ததும் கூடையில் மீனை ஏற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துச் சிதம்பரம் மார்க்கெட்டில் போய் உட்கார்ந்துவிடுவாள். பேரம் பேசுவதில் அந்த வாயிடம் ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

அப்பேர்ப்பட்டவளையும் 2009 ஆடி மாதம் ஆட்டிவைத்துவிட்டது. அம்மா இருசம்மாளுக்குக் கர்ப்பப்பையில் புற்று. கடலூருக்கும் சிதம்பரத்துக்குமாக எட்டு மாதம் அலைந்த பிறகு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, ஆசைப்பட்டதைக் குடுங்க" என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். இருசம்மாள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கடல் சத்தம் கேக்குற எடத்துல என்னப் போட்டுடு. அங்கியே போய்ச் சேந்துடறேன்."

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு. முன்னறை ஜன்னலோரம் கட்டில் போட்டாள் மங்கலம். அவளோடு மீன் விற்கும் பெண்கள் யாரும் கூப்பிடாமலே வந்தார்கள். ஒருத்தி குளிப்பாட்டினாள், ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தாள். சின்னம்மாள் என்பவள் மங்கலத்தின் கூடையையும் சேர்த்துச் சுமந்துபோய் விற்றுவிட்டு வந்தாள். மங்கலத்துக்கு நன்றி சொல்லத் தெரியாது. "கஞ்சில உப்பு ஜாஸ்திடி" என்று திட்டத்தான் தெரியும். அவர்களும் அதைப் பொருட்படுத்தவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தானா கோயிலில் காப்புக் கட்ட வேண்டும்! காப்புக் கட்டிவிட்டால், பத்தாம் நாள் தீமிதி முடிகிறவரை ஊரில் சாவு விழக்கூடாது. விழுந்தால் தீட்டு, திருவிழா நின்றுபோகும். சாவு என்ன, சொல்லிவிட்டா வருகிறது? அதனால் இழுத்துக்கொண்டு கிடப்பவர்களை வெளியூர் உறவு வீட்டுக்கு அனுப்பிவிடுவது அங்கே வழக்கம். அப்படிப் புவனகிரியிலும் சேத்தியாத்தோப்பிலும் அனாதை மாதிரி போய்ச் செத்தவர்கள் எத்தனையோ பேர்.

ஊர்த்தலைவர் ராஜமாணிக்கம் நாட்டார் நாலு பேரோடு வந்து நின்றார். மங்கலத்துக்கு மாமா முறை.

"பத்தே நாளு, மங்கலம். கடலூர்ல உன் தம்பி வூடு இருக்குல்ல? வண்டி நானே வச்சுத் தரேன்."

"எங்கம்மா என்ன மீனா மாமா? ஐஸ்ல வச்சிருந்து பத்து நாள் கழிச்சு எடுத்துக்க?"

"ஊர்க் கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்கு."

"இருக்கட்டும். எங்கம்மாவும் இருக்கா. உசுரோட, அவ வூட்ல இருக்கா."

நாட்டாருக்கு முகம் சிறுத்துவிட்டது. "அப்ப உன் தெருவுக்குக் கரகம் வராது. எவளும் உன் வாசல மிதிக்க மாட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயந்திரமே தம்பி ஜெயப்பிரகாஷ் கடலூரிலிருந்து போன் பண்ணினான். "அக்கா, ஊர்ப்பகை எதுக்கு? அம்மாவ இட்டுனு வந்துடு."

"உன் மூணாவது மாடி ரூமுல ஃபேன் சத்தம்தான்டா கேக்கும். கடல் சத்தமா கேக்கும்?" என்று போனை வைத்துவிட்டாள்.

வீராப்பாகப் பேசிவிட்டாளே தவிர, மறுநாளிலிருந்து யாரும் வரவில்லை. ஒற்றை ஆளாக அம்மாவைப் புரட்டிப் போட்டுத் துடைத்தாள். சின்னம்மாள் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அந்த வருஷம் கரகம் சுமக்க நேர்ந்துகொண்டவள் அவள்தான்.

"காப்புக் கட்டிட்டேன்க்கா. உள்ள வரக்கூடாதுங்கறாங்க" என்று அழுதாள்.

"போடி! போய் உன் ஆத்தாளையே கட்டிக்கினு அழு!"

உள்ளே வந்தால் இருசம்மாள் கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறாள். தூரத்தில் உடுக்கைச் சத்தம். "கரகம் நம்ம தெருவுக்கு எப்ப வரும் மங்கலம்? மஞ்சத் தண்ணி கரைச்சு வச்சிருக்கியா?" கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வருஷம் விடாமல் கரகத்துக்குத் தண்ணீர் ஊற்றியவள் அவள். "வரும்மா" என்றாள் மங்கலம்.

நேராகத் தெருவில் போய், கோயில் இருக்கும் திசையைப் பார்த்து நின்றாள். "எம் புருஷன கேக்காம எடுத்துக்கின. இவள எடுக்கணும்னா திருட்டுத்தனமா எடுக்காத. வாசல் வழியா வந்து, மூஞ்சக் காட்டிட்டு எடு. பொம்பளையா இருந்தா வாடி!" இதைப் பிரார்த்தனை என்று சொன்னால் அவள் அடிக்க வருவாள். ஆனாலும் நாலரை வருஷத்தில் அவள் அம்மனோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

எட்டாம் நாள் காலை கரகம் ஊர்வலம் கிளம்பியது. பம்பையும் உடுக்கையும் முன்னால், தலையில் பூங்கரகத்தோடு சின்னம்மாள் நடுவில். முக்கில் நேராகப் போக வேண்டியவள் நின்றாள், உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினாள், மங்கலத்தின் தெருவுக்குள் திரும்பிவிட்டாள். கரகம் சுமப்பவளைத் தொடக்கூடாது, மறிக்கக்கூடாது. நாட்டார், "ஏய், நேராப் போ!" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கரகத்தைப் பார்த்து யாராவது ஏய் என்பார்களா? பம்பைக்காரர்கள் அடித்துக்கொண்டே பின்னால் ஓடினார்கள். மீன்காரப் பெண்கள் இதற்காகவே காத்திருந்தது போல ஒருத்தி பாக்கியில்லாமல் தெருவுக்குள் நுழைந்தார்கள்.

திருப்பியது அம்மனா, சின்னம்மாளா? ஊரில் இன்றைக்கும் இதே பேச்சுதான். அவளையே கேட்டால், "எனக்கு நெனப்பே இல்ல" என்று சிரிப்பாள்.

மங்கலம் குடத்தோடு வாசலில் நின்றாள். மஞ்சள் தண்ணீர் கரைத்துத்தான் வைத்திருந்தாள். "வந்துட்டியா? இப்பதான் வழி தெரிஞ்சுதா உனக்கு?" என்று திட்டிக்கொண்டே காலில் ஊற்றினாள். கண்ணீர் ஒரு பக்கம் கொட்டியது. சின்னம்மாள் கரகத்தோடு வாசலைத் தாண்டி உள்ளே போய், இருசம்மாள் நெற்றியில் வேப்பிலையை வைத்தாள். இருசம்மாள் கையைத் தூக்கிக் கும்பிட்டாள். அன்றைக்கு வந்த பெண்கள் யாரும் வீட்டுக்குத் திரும்பவில்லை. பாயை விரித்து அங்கேயே இருந்துகொண்டார்கள்.

மறுநாள் பத்து மணிக்கு, மகளின் மடியில், இருசம்மாளின் மூச்சு நின்றது. கடல் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நாட்டார் ஆள் அனுப்பினார்: சத்தம் போட்டு அழக்கூடாது, பறை கூடாது, கொல்லைப்பக்கமாகவே தூக்கிவிட வேண்டும். மங்கலம் அதை முழுசாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு வாசலுக்கு வந்து தலையை விரித்துப்போட்டு, ஊரே கேட்க ஒப்பாரி வைத்தாள். இருபது பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். காப்பு நாளில் அந்த ஊர் கேட்ட முதல் ஒப்பாரி அது.

நாட்டார் விறுவிறுவென்று வந்தார். "தீமிதி நின்னுபோச்சு. சாமி குத்தம் ஆயிடுச்சு. யாரு பதில் சொல்றது?"

மங்கலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன ஏன் கேக்கறீங்க மாமா? நேத்து வூடு தேடி வந்து எங்கம்மாவப் பாத்துட்டுப் போனவ அவ. போய் அவளையே கேளுங்க. அப்டியே, மங்கலம் விசாரிச்சான்னும் சொல்லுங்க."