பூட்டும் கையெழுத்தும்

முத்துமீனா எதை எழுதினாலும் தலையில் 'பொருள்' என்று ஒரு வரி இருக்கும். வீட்டுக்காரருக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதினாலும் இருக்கும், மகள் பவதாரிணியின் விடுதிக் காப்பாளருக்கு எழுதினாலும் இருக்கும். மளிகைக் கடைச் சீட்டுக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு என்று அவள் புருஷன் உயிரோடு இருந்தவரை கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆரப்பாளையத்தில் மாடிப்படி ஏறிப் போகிற ஒரு தட்டச்சுப் பள்ளியில் தமிழும் இங்கிலீஷும் ஹையர் முடித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஓர் அரசு ஆபீஸில் தற்காலிகமாக டைப் அடித்தாள். அங்கே இருந்த கண்காணிப்பாளர், பொருள் வரி குட்டையாக இருந்தால் தாளை மேஜை மேல் விட்டெறிவார். "பொருளப் படிச்சாலே மொத்த விவகாரமும் தெரியணும்மா. உள்ள படிக்க எவனுக்கு நேரமிருக்கு" என்பார். அந்த வேலை நிரந்தரமாகவில்லை. பழக்கம் மட்டும் நிரந்தரமாகிவிட்டது.

புருஷன் போனபோது அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நாற்பதைத் தாண்டிய டைப்பிஸ்டை யார் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்? ஏறி இறங்கிய இடமெல்லாம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. சமயநல்லூருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சாய ஆலையின் மேலாளர் ஹரிஷங்கர் மட்டும்தான் அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, "நாளைக்கே வந்துருங்கம்மா" என்றார். அந்த ஆலைச் சம்பளத்தில்தான் பவதாரிணி நர்சிங் சேர்ந்தாள். ஹரிஷங்கரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகப் பேசினால் முத்துமீனா அந்த இடத்தில் நிற்கமாட்டாள்.

அந்த மனிதர்தான் கருத்தக்கண்ணனைக் கழிவுத் தொட்டிக்குள் இறங்கச் சொன்னார்.

கருத்தக்கண்ணன் ஆலையில் தோட்ட வேலை பார்த்தவர். செடிக்குத் தண்ணீர் விடுவது, இலை கூட்டுவது, வண்டி வந்தால் கேட்டைத் திறப்பது, அவ்வளவுதான் அவர் வேலை. அன்றைக்குத் தொட்டியின் குழாய் அடைத்துக்கொண்டது. ஆபீஸ் ஜன்னல் அருகே நின்று டிபன் டப்பா கழுவிக்கொண்டிருந்த முத்துமீனா எல்லாவற்றையும் பார்த்தாள், கேட்டாள். "நான் எறங்கமாட்டேன் சார், நாத்தம் ஒரு மாதிரியா இருக்கு, மயக்கம் வருது" என்று கருத்தக்கண்ணன் இரண்டு கையையும் ஆட்டி மறுத்தார். "பத்து நிமிச வேலைய்யா. இல்லன்னா நாளையிலருந்து வராத" என்றார் ஹரிஷங்கர். கருத்தக்கண்ணன் சட்டையைக் கழற்றி செம்பருத்திச் செடி மேல் போட்டுவிட்டு இறங்கினார். ஏறி வரவில்லை.

குடித்துவிட்டுத் தானாக உள்ளே விழுந்துவிட்டார் என்று ஆலை சொன்னது. போலீஸ் வந்து ஆபீஸில் இருந்தவர்களைக் கேட்டபோது ஹரிஷங்கர் பக்கத்திலேயே நின்றார். "நான் டைப் அடிச்சுக்கிட்டிருந்தேன் சார், ஒண்ணும் பாக்கல" என்றாள் முத்துமீனா. சொன்ன நாக்கு அன்று ராத்திரி சோற்றை உள்ளே விடவில்லை.

அதோடு போயிருந்தாலும் மனசை எப்படியோ சமாதானம் பண்ணியிருப்பாள், மனுஷ மனசுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. ஆனால் கருத்தக்கண்ணனின் மனைவி தங்கப்பொண்ணு தினமும் காலையில் வந்து ஆலை கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் உட்கார ஆரம்பித்தாள். கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. போகிற வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "எம்புருசன் குடிக்க மாட்டாரு. அத மட்டும் சொல்லச் சொல்லுங்க." பஸ்ஸை விட்டு இறங்கும் முத்துமீனா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து, வெயிலுக்குப் போர்த்துகிறவள் போல முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே போவாள்.

தங்கப்பொண்ணுக்காக வழக்கு எடுத்திருந்தவள் தமிழ்வாணி. அதே ஊர்க்காரப் பெண், வக்கீலுக்குப் படித்துக் கோரிப்பாளையத்தில் அறை வைத்திருந்தாள். முத்துமீனா எப்படியோ நம்பரைத் தேடிப் பிடித்து, பயந்து பயந்து கூப்பிட்டாள். ஆலை ஆபீஸிலிருந்து என்று ஆரம்பித்துப் பெயரைச் சொல்வதற்குள் தமிழ்வாணி தடுத்தாள்.

"போன்ல வேணாம்க்கா. வாட்ஸ்அப்பும் வேணாம். உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அது திறந்தே கெடக்கும்ல?"

கிடந்தது. தமிழ்வாணியின் அறைக்கு எதிரே டீக்கடையில் ஆலை ஆட்கள் இரண்டு பேர் வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள், அங்கேயும் போக முடியாது. கடைசியில் பெரியாஸ்பத்திரியில் சந்தித்தார்கள். அங்கே நோயாளிக்காகக் காத்திருக்கும் கூட்டத்தில் இரண்டு பெண்கள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

"வழக்கு விசாரணைக்கு வர்ற வரைக்கும் எம்பேரு வெளிய தெரியக் கூடாதும்மா. பொம்பளப்பிள்ள படிப்ப முடிக்கல" என்றாள் முத்துமீனா. கேட்டது அது ஒன்றுதான்.

"தெரியாதுக்கா. நீங்க பாத்தத வீட்ல வச்சு நிதானமா எழுதுங்க. பூட்டி அனுப்புங்க" என்றாள் தமிழ்வாணி.

பூட்டுவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அவள் கேள்விப்பட்டாள். பவதாரிணி விட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப்பில் தமிழ்வாணி ஒரு சின்ன மென்பொருளை ஏற்றிக் கொடுத்தாள். உங்களுக்கென்று இரண்டு சாவி உண்டாகும். ஒன்றை ஊருக்கே கொடுக்கலாம், அது திறந்து கிடக்கிற பூட்டு மாதிரி. யார் வேண்டுமானாலும் உங்களுக்கு வரும் கடிதத்தில் அதை மாட்டி அழுத்தலாம். திறக்கிற சாவி உங்களிடம் மட்டும். அது கையை விட்டுப் போகக்கூடாது. அந்தச் சாவிக்கும் ஒரு கடவுச்சொல் வையுங்கள். இவ்வளவையும் தமிழ்வாணி மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை முத்துமீனாவுக்குப் புரிந்தது, அல்லது புரிந்தது என்று தலையை ஆட்டினாள்.

கடவுச்சொல்லுக்கு அவள் விரல்கள் தானாகவே தட்டச்சுப் பள்ளியின் முதல் பாடத்தை அடித்தன. தமிழ்வாணி சிரித்துவிட்டாள். "இத ஊருக்குள்ள அம்புட்டு டைப்பிஸ்ட்டும் வச்சிருப்பாங்கக்கா. நீளமா ஒரு வாக்கியம் வைங்க, உங்களுக்கு மட்டும் தெரிஞ்சதா." முத்துமீனா அடித்ததை அழித்தாள். பிறகு இங்கிலீஷ் எழுத்தில், எண்ணெய்க் கத்திரிக்காய்க்குப் புளி பத்தலை என்று அடித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில் அவள் புருஷன் அவளிடம் கடைசியாகச் சொன்ன குறை அது.

"இன்னொண்ணு இருக்குக்கா. பூட்டுறது மட்டும் பத்தாது. இந்தக் கட்டத்த டிக் பண்ணா உங்க சாவியால கையெழுத்தும் விழும். எழுதுனது நீங்கதான், நடுவுல யாரும் ஒரு எழுத்துக்கூட மாத்தலன்னு அதுல தெரிஞ்சுரும். கோர்ட்டுக்கு நீங்க நேர்ல வந்துதான் ஆகணும், அது அப்புறம். இப்போதைக்கு எனக்கு அது வேணும்."

முத்துமீனா அதற்கும் தலையை ஆட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்து எழுதினாள். செம்பருத்திச் செடி மேல் கிடந்த சட்டைவரை எழுதினாள். எழுதி முடித்து, முறைப்படி தலையில் பொருளையும் அடித்தாள்.

'பொருள்: சமயநல்லூர் சாய ஆலை – தோட்டப் பணியாளர் கருத்தக்கண்ணன் கழிவுத் தொட்டியில் இறந்தது – மேலாளர் இறங்கச் சொன்னதை நேரில் கண்டது – சாட்சியம் அளித்தல் – தொடர்பாக.'

அந்தக் கண்காணிப்பாளர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

தமிழ்வாணி ஏற்றிக் கொடுத்திருந்த அவளுடைய பூட்டை அழுத்தினாள். எழுதியதெல்லாம் ஒரு நொடியில் தலைகால் புரியாத எழுத்துக் குப்பையாக மாறியது. அதைப் பார்த்தபோது பல வாரங்களுக்குப் பிறகு அவளுக்கு மூச்சு சீராக வந்தது. கையெழுத்துக் கட்டத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனாள். டிக் செய்யவில்லை. நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால், நான் எழுதவில்லை என்று சொல்ல ஒரு வழி இருக்கட்டும் என்று நினைத்தாள். பதில் வந்தால் தவறிப்போகக் கூடாதே என்று அந்த மெயிலைத் தன் போனிலும் வரும்படி செய்துகொண்டாள். அவளுடைய முன்ஜாக்கிரதை அப்படி.

மறுநாள் ஹரிஷங்கர் கடிதம் சொல்ல, அவர் அறையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். போன் மேஜை மேல் இருந்தது. மணி அடித்தது. திரை ஒளிர்ந்தது. தமிழ்வாணியின் பதில். அதன் உள்ளே இருந்தது பூட்டித்தான் இருந்தது. அதன் தலையில் அவள் அடித்த பொருள், ஓர் எழுத்து குறையாமல், 'தமிழ்வாணி, வழக்கறிஞர்' என்ற பெயருக்குக் கீழே நின்றது. பூட்டு கடிதத்துக்குத்தான். பொருள் வரி உறைக்கு மேல் இருக்கும் விலாசம் மாதிரி, வெளியேதான் இருக்கும். இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தமிழ்வாணிக்கும் தோன்றவில்லை, பொருள் வரியில் இத்தனையும் எழுதுகிறவர்களை அவள் பார்த்திருக்கவில்லை.

ஹரிஷங்கர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு போனை ஒரு விரலால் அவள் பக்கம் தள்ளினார்.

"உங்களுக்கு வேலை குடுத்தப்ப நான் ஏதாச்சும் கேட்டேனாம்மா?"

"இல்ல சார்."

"இப்ப ஒண்ணு கேக்குறேன். இந்த மெயில் நான் அனுப்புனது இல்ல, யாரோ எம்பேர்ல அனுப்பிட்டாங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாளைக்குக் காலையில வந்து குடுத்தாப் போதும். நான் இதப் பாத்ததாவே வச்சுக்க மாட்டேன்."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தாள். தமிழ்வாணியின் பதில் சின்னதுதான். 'அக்கா, பொருளில் இவ்வளவும் எழுதிவிட்டீர்களே, அது பூட்டுக்குள் வராது. இனிமேல் அங்கே வெறுமனே வணக்கம் என்று போடுங்கள். இன்னொன்று, கையெழுத்து இல்லை. நாளைக்கு இதை நீங்கள் எழுதவில்லை என்று யாராவது சொன்னால் என் கையில் ஒன்றும் இல்லை.' எச்சரித்தவள் பழைய பொருளை அழிக்காமலே பதிலை அனுப்பியிருந்தாள். வக்கீலுக்கும் அவசரம்.

முத்துமீனாவுக்கு அழுகைதான் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரமும் வந்தது. தமிழ்வாணி மேல், கண்காணிப்பாளர் மேல், தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்ன ஹரிஷங்கர் மேல். தப்பிக்க வைத்திருந்த வழி, அவர் காட்டுகிற வழியாகவே இருந்தது. ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். கருத்தக்கண்ணன் காலாகாலத்துக்கும் குடிகாரனாகச் செத்தவராகவே இருந்துவிடுவார்.

விடிந்ததும் குளித்துவிட்டு உட்கார்ந்தாள். பழைய கடிதத்தையே எடுத்துக்கொண்டாள். இந்தத் தடவை பூட்டை அழுத்தவில்லை. யாரிடமிருந்து எதைப் பூட்ட வேண்டியிருக்கிறது இனி? பொருள் வரியில் ஓர் எழுத்தும் குறைக்கவில்லை. கடைசியில், ஆபீஸ் வழக்கப்படி, 'நகல்: திரு. ஹரிஷங்கர், மேலாளர்' என்று சேர்த்து அவர் மெயில் முகவரியையும் போட்டாள். கையெழுத்துக் கட்டத்தை டிக் செய்தாள். கடவுச்சொல் கேட்டது. இரண்டு தடவை தப்பாக அடித்தாள். மூன்றாவது தடவை, எண்ணெய்க் கத்திரிக்காய்க்குப் புளி பத்தலை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தாள். போய்விட்டது.

பவதாரிணியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பழக்க தோஷத்தில் டிபன் டப்பாவோடு சமயநல்லூர் பஸ்ஸில் ஏறிவிட்டிருந்தாள். இறங்கியபோது முந்தானையை இழுத்துக்கொள்ளவில்லை. கேட்டுக்குள் போகாமல் ரோட்டைக் கடந்து புளியமரத்தடிக்குப் போனாள். தங்கப்பொண்ணு நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் இந்த ஆபீஸ்ல டைப் அடிக்கிறவ" என்றாள் முத்துமீனா.

"தெரியும். தெனமும் மொகத்த மூடிக்கிட்டுப் போவீகளே."

முத்துமீனா அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். "அவரு குடிக்கல. எறங்கமாட்டேன்னுதான் சொன்னாரு. வேலைய விட்டுத் தூக்கிருவேன்னு மேனேஜர்தான் எறக்குனாரு. நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன். எழுதி அனுப்பிட்டேன், கையெழுத்தும் போட்டுட்டேன்."

தங்கப்பொண்ணு அழவில்லை. கேட்டைப் பார்த்தாள்.

"போலீசு வந்தன்னைக்குச் சொல்லியிருக்கலாம்ல தாயி" என்றாள்.

பையிலிருந்த போன் அடிக்க ஆரம்பித்தது. முத்துமீனா அதை எடுக்காமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.