அமாவாசைத் தூண்டில்

பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் அமாவாசையன்று தறிச்சத்தம் கேட்காது. அன்றைக்கு நூலில் கை வைக்கக் கூடாது என்பது பாட்டன் காலத்து ஏற்பாடு. ஆண்கள் தலைமுழுகி, செத்துப்போனவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே படுத்துவிடுவார்கள். சிவராஜ் மட்டும் படுக்கமாட்டார். இலையை மடித்த கையோடு சைக்கிளை எடுத்துவிடுவார். பிற்பாடு சைக்கிள் போய் ஸ்கூட்டர் வந்தது. கிளம்புகிற நேரம் மாறவில்லை. ஏனாத்தூரைத் தாண்டி, வாலாஜாபாத் சாலையிலிருந்து இடதுபக்கம் பிரிந்தால் நத்தமேட்டு ஏரி. அங்கே போய் மீன் பிடிப்பார்.

முட்டைகூட உள்ளே நுழையாத வீடு அவருடையது. மீன் என்ன ருசி என்று இன்றைய தேதி வரைக்கும் அவருக்குத் தெரியாது.

கல்யாணமான புதிதில் வாலாஜாபாத்துக்கு ஒரு வேலையாகப் போய்த் திரும்பும்போது ஏரிக்கரையோரம் சைக்கிள் பஞ்சர் ஆனது. தள்ளிக்கொண்டே வந்தவர், கரையில் மூங்கில் கழியோடு உட்கார்ந்திருந்த ஒருவனைப் பார்த்து நிழலுக்காகப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் பெயர் சிட்டிபாபு; நத்தமேட்டுக்காரன். பீடி பற்றவைக்க நெருப்பு வாங்கிவருவதற்காக, கழியைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான். அவன் திரும்புவதற்குள் கழி வளைந்தது. தறியில் ஊடை நூலோடு நாடா குறுக்கே பாயும்போது கையில் ஓர் அதிர்வு ஓடும். அது நாம் அனுப்புவது. இது எதிர்ப்பக்கத்திலிருந்து, கண்ணுக்குத் தெரியாத ஒருத்தர் அனுப்பியது. அந்த விரால் கரைக்கு வராமல் அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் சிவராஜின் கையில் அந்த இழுப்பு தங்கிவிட்டது.

வீட்டில் விஷயம் தெரிந்தபோது மங்கையர்க்கரசி கத்தவில்லை. அப்பாவுக்கு எள்ளு விட்ட கையால் புழுவைத் தொடுவீர்களா என்று மட்டும் கேட்டாள். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். தறிக்குழியில் விழுகிற பட்டுத் துணுக்குகளையும் சரிகை நறுக்குகளையும் சேர்த்து, தூண்டில் முள்ளில் விரல் நீளத்துக்கு இறுக்கிக் கட்டினார். தண்ணீரில் போட்டு இழுத்தால் பளபளவென்று நெளியும். பார்த்த சிட்டிபாபு அரை மணி நேரம் சிரித்தான்.

"விராலுக்கு கூறப்பொடவ எடுத்துக்கினு வந்துட்டியாண்ணா?"

அன்றைக்கு முதல் விராலைப் பிடித்தது அந்தக் கூறைப்புடவைதான். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. தனக்கும் ஒன்று கட்டித்தரச் சொன்னான்.

அந்தப் பட்டுமுள் பலித்ததற்குக் காரணம் உண்டு. நத்தமேட்டு ஏரியில் வெளிச்சி என்கிற பொடிமீன் கூட்டம் கூட்டமாகத் திரியும். விரல் நீளம்தான் இருக்கும். உடம்பு முழுக்க வெள்ளி. மாலை வெயில் சாய்ந்ததும் மேல்தண்ணீருக்கு வந்து ஒன்றாகத் திரும்பும். யாரோ சரிகைச் சேலையை உதறிப் பிரித்தது போல அந்தப் பக்கம் மின்னும், அணையும். அந்த மின்னலுக்கு அடியில் விரால் இருக்கும். வெளிச்சி சிதறித் துள்ளுகிற இடத்தில் பட்டுமுள்ளைப் போட்டால் போதும். பெரிய மீன் எங்கே இருக்கிறது என்று சின்ன மீன்தான் காட்டிக்கொடுக்கும்.

சிவராஜுக்குக் கிடைத்ததில் நடுத்தரமானதெல்லாம் மறுபடி தண்ணீருக்கே போய்விடும். அமாவாசையில் ஊருக்குள் பாதி வீடுகளில் மீன் வாங்கவும் ஆள் கிடையாது. பெரிதாக ஒன்று மாட்டினால் சிட்டிபாபு வீட்டுக்கு. அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்; அமாவாசைக்கும் அவர்கள் அடுப்புக்கும் சம்பந்தமில்லை. தூண்டில் கழியும் அங்கேதான், கூரைக்கும் சுவருக்கும் நடுவில் சொருகியிருக்கும். சிட்டிபாபுவின் மனைவி அம்சா டீ கொடுப்பாள். அந்தத் தெருவில் தான் டீ குடித்ததை வீட்டில் சொல்ல சிவராஜுக்குச் சில வருடங்கள் பிடித்தன. ஒருநாள் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். மங்கையர்க்கரசி அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும். இஞ்சி தட்டிப் போடுவாங்களா, சும்மாவா?"

சிட்டிபாபு கொத்தனாராக இருந்து, பிறகு டைல்ஸ் ஒட்டுகிறவனாக ஆனான். அம்சா மதகடியில் மூங்கில் பறி வைத்து, வழிகிற தண்ணீரோடு வருகிற வெளிச்சியைப் பிடிப்பாள். மறுநாள் காலை பஸ்ஸேறி வாலாஜாபாத் சந்தையில் கூறு கட்டி விற்றுவிட்டு வருவாள். வஞ்சிரமும் வவ்வாலும் வாங்க முடியாத வீடுகளுக்கு அதுதான் மீன். பறி சின்னது, ஏரி பெரியது. அவள் பிடித்ததால் வெளிச்சி குறைந்ததாக யாரும் சொன்னதில்லை.

இப்படியே இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடியது. சிவராஜுக்கு அந்த வருடங்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல வராது. எல்லாம் சேர்ந்து ஒரே மாலையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. கருவேல நிழல், புரண்டுகொண்டு வருகிற காற்று, சிட்டிபாபுவின் பீடி நாற்றம், பேச்சு நின்றுபோகிற அந்த நொடி, தண்ணீரில் விழுகிற சத்தம். இரண்டு பேரும் பெரிதாக எதையும் பேசிக்கொண்டதில்லை. பேசவேண்டிய அவசியம் வந்ததில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் ஏரியின் மீன் குத்தகையை ராஜவேலு எடுத்தார். பக்கத்து ஊர்க்காரர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கோயில் திருவிழாவுக்குக் கொடுக்கிறவர், கடன் வாங்கிக் குத்தகை எடுத்தவர். முந்தைய குத்தகைக்காரர்கள் பெரிய கண்ணி வலை போட்டுக் கெண்டையை எடுத்துக்கொண்டு போவார்கள். இவர் கொசுவலைத் துணியை நீளமாகத் தைத்து, கரைக்குக் கரை இழுத்தார். வெளிச்சி மொத்தமும் வந்தது. கரையிலேயே காயவைத்துச் சாக்கில் கட்டி, கோழித் தீவனத்துக்கென்று லாரியில் ஏற்றினார்.

அதற்கடுத்த அமாவாசைகளில் நடந்ததை நினைத்தால் சிவராஜுக்கு இப்போதும் வெட்கமாக இருக்கும். அவர்கள் அப்படி மீன் பிடித்ததே இல்லை. முள் தண்ணீரைத் தொடுவதற்குள் விரால் பாய்ந்தது. ஒன்றை விடுவித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தவன் கத்தினான். ஏரிக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று இரண்டு பேரும் பூரித்தார்கள். சிட்டிபாபு போனில் படம் எடுத்துப் போட்டான். மெட்ராஸிலிருந்து விலை உயர்ந்த தூண்டிலோடு ஆட்கள் காரில் வந்தார்கள். சிவராஜ் அவர்களுக்கு இடம் காட்டினார், பட்டுமுள் கட்டிக்கொடுத்தார். ராஜவேலுவின் வலையால்தான் ஏரி சுத்தமாகிறதோ என்றுகூட ஒருநாள் பேசிக்கொண்டார்கள். விரால் பட்டினியில் பாய்ந்தது என்பது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. பிடித்ததைத் தூக்கிப் பார்த்தபோது தலை பெரிதாகவும் உடம்பு ஒல்லியாகவும் இருந்ததை இருவருமே கவனித்தார்கள். கோடை என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு ஏரி அடங்கிப்போனது. மாலை வெயில் சாய்ந்தது, தண்ணீர் மின்னவில்லை. பட்டுமுள்ளைப் போட்டு இழுத்துப் போட்டு இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம். மெட்ராஸ் கார்கள் வருவது நின்றது. ஓர் அமாவாசையன்று சிவராஜ் போனபோது சிட்டிபாபு வீட்டில் இல்லை. டைல்ஸ் வேலைக்குப் போயிருந்தான். அடுத்த அமாவாசைக்கும் அப்படியே. போனில் கேட்டதற்குச் சுருக்கமாகச் சொன்னான்.

"வந்து இன்னாண்ணா பண்றது? தண்ணிய பாத்துக்கினு குந்தவா?"

மீன் போனதைக்கூடச் சிவராஜ் தாங்கிக்கொண்டிருப்பார். மீனை விட்டால் அவர்கள் இரண்டு பேரும் சந்திக்க வேறு காரணம் இல்லை என்பது அதுவரை அவருக்குத் தெரியாது. அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு இவர் போவார், இவர் வீட்டுச் சாவுக்கு அவன் வருவான். அவ்வளவுதான் மிஞ்சும்.

போன வருடம் ஆடியில் குத்தகை முடிந்தது. மறு ஏலத்துக்கு முன்னால் ஊர்க்கூட்டம் போட்டு நிபந்தனைகள் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டார். கொசுவலை மாதிரியான பொடிவலை போடக்கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்க்கச் சொல்லலாம். ஆனால் இவர் அந்த ஊர்க்காரர் இல்லை. யாராவது கூட நிற்க வேண்டும். அமாவாசை இல்லாத ஒருநாள், தறியை நிறுத்திவிட்டு, முதல் தடவையாக வெறும் நாளில் நத்தமேட்டுக்குப் போய் அம்சாவிடம் கேட்டார்.

அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பறியில் ஒன்றும் விழுவதில்லை என்பதால், இப்போது ராஜவேலுவிடமே பொடிமீன் வாங்கித்தான் சந்தைக்குக் கொண்டுபோகிறாள். வலையை நிறுத்தினால் அந்த வியாபாரமும் போய்விடும். இஞ்சி டீயை வைத்துவிட்டு, எதிரில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு அது மாசத்துக்கு ஒரு நா வெளையாட்டு. எனக்கு அதுல அடுப்பு எரியுது."

டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டார். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க வழியெல்லாம் யோசித்துப் பார்த்தும், வாலாஜாபாத் சாலை முடிகிற வரைக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

இருந்தாலும் கூட்டத்துக்குப் போனார். மாரியம்மன் கோயில் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சிட்டிபாபு கூட்டத்தின் பின்னால், பேசுவதாக உத்தேசம் இல்லாதவன் போல நின்றிருந்தான். அம்சா பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். சிவராஜ் எழுந்து, வெளிச்சி இருந்தால்தான் விரால் நிற்கும், வெளிச்சியை வழித்தெடுத்துவிட்டால் ஏரியில் ஒன்றும் தங்காது என்று தனக்குத் தெரிந்தபடி சொன்னார். ராஜவேலு சண்டை போடவில்லை, சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அய்யா வூட்ல மீன் ஆக்கறதே இல்லன்னு சொல்றாங்க. தின்னாதவருக்கு மீன் மேல இன்னா இவ்ளோ கவல?"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கியதும் ராஜவேலு தணிவாகவே இன்னொன்றும் சொன்னார். இவருடைய பொழுதுபோக்குக்காகத் தான் எதற்கு நஷ்டப்பட வேண்டும் என்றார். பொழுதுபோக்குத்தான். சிவராஜுக்கும் அது தெரியும். உட்கார்ந்துவிட்டார்.

அப்போது அம்சா எழுந்தாள். ஊர்த் தலைவரைப் பார்த்துப் பேசவில்லை. நேராக ராஜவேலுவைப் பார்த்துப் பேசினாள். போன வருடம் அவரிடம் கூடை நிறைய வாங்கினாளாம். இந்த வருடம் பாதிக் கூடைக்கும் வழியில்லையாம். அடுத்த வருடம் அவரே காலி வலையைத்தான் இழுப்பார், அப்போது லாரிக்காரன் வேறு ஏரிக்குப் போய்விடுவான், அவள் எங்கே போவாள் என்று கேட்டாள். முன்னால் வருடம் பூரா அவள் பறியில் கொஞ்சமாவது விழுந்தது. கொசுவலை வந்து மூன்று வருடத்தில் மொத்தமும் போயிற்று. வலை வேண்டாம், கைப்பறி மட்டும் இருக்கட்டும் என்றாள். சிவராஜுக்குக் கண் கலங்கப் பார்த்தது. அதற்குள் அவள் இந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"தூண்டிலும் வேணாம். ஐப்பசியில வெராலு செங்குஞ்ச மேய்ச்சிக்கினு வரும். குஞ்சிக்கு நடுவுல முள்ள போட்டா, குஞ்ச காப்பாத்த ஆயி பாயும். அத்த கண்டுபுடிச்சது எங்க வூட்டுக்காரரும் இந்த பட்டுமுள்ளு அண்ணாவும்தான். தை பொறக்கற வரைக்கும் ஒருத்தரும் கழி எடுக்கக்கூடாது."

இந்தத் தடவை சிரிப்பு இன்னும் பலமாக இருந்தது. சிட்டிபாபு பின்னால் நின்று தலையைச் சொறிந்தான். ராஜவேலு, ஊர் குத்தகைத் தொகையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் பெரிய கண்ணி வலையோடு நின்றுகொள்வதாகச் சொன்னார். நீண்ட பேச்சுக்குப் பிறகு அப்படியே முடிந்தது; கொசுவலை கூடாது, வருடா வருடம் தை பிறக்கும் வரை தூண்டிலும் கூடாது. தூண்டில்காரர்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கே அம்சா இரண்டு கழிகளையும் கூரையிலிருந்து உருவி உள்ளறையில் வைத்துப் பூட்டிவிட்டாள். அந்த வருடம் மழை சரியாகப் பெய்யவில்லை; ஏரியில் ஒன்றும் தெரியவில்லை. தை வந்து கழியை எடுத்தும் பயனில்லை. சிட்டிபாபு ஒருமுறை வந்தான், பிறகு வரவில்லை. நிபந்தனை போட்டவர்களையே ஊரில் சிலர் கேலி செய்தார்கள்.

இந்த வருடம் மழை கொட்டியது. மேலேரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக நத்தமேட்டுக்கு இறங்கியது. கார்த்திகை அமாவாசையன்று சாப்பிட்டு முடித்த சிவராஜ் வண்டிச் சாவியைத் தேடினார். மங்கையர்க்கரசி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தூண்டில்தான் பூட்டிக்கினு இருக்குதே. எங்க கெளம்பறீங்க?"

சும்மாதான் என்றார். அவள் உள்ளே போய் வடையை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒருவருக்கு அது அதிகம்.

கருவேல மரத்தடியில் சிட்டிபாபு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். கையில் பீடி, கழி இல்லை. வேலை லீவா என்று இவர் கேட்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். அவன் ஒரு வடையை எடுத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்துத் தாடையை நீட்டினான்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கோரைப் புல்லுக்கு அந்தப் பக்கம், கைக்குட்டை அகலத்துக்கு ஓரிடம் மின்னி அணைந்தது. பழைய கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மறுபடியும் மின்னியது. சட்டென்று சிதறித் துள்ளியது. அடியில் ஏதோ கனமாகப் புரண்டு தண்ணீர் குழிந்தது. இரண்டு பேருடைய வலது கையும் ஒரே சமயத்தில், இல்லாத கழியைச் சுண்டுவது போல, வெட்டி மேலே போனது. சிட்டிபாபுவின் வடை ஏரிக்குள் விழுந்தது.

மதகடியில் பறியைக் கழுவிக்கொண்டிருந்த அம்சா இதைப் பார்த்துவிட்டாள். "கைய மடியில வச்சிக்கினு குந்துங்க ரெண்டு பேரும்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

இருட்டுகிற வரைக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும்போது சிட்டிபாபு, தை அமாவாசைக்கு லீவு சொல்லிவிட்டதாகவும், தன் பழைய பட்டுமுள் நைந்துபோய்விட்டதாகவும் சொன்னான். புதிது கட்டித்தருவதாகச் சிவராஜ் ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டுத் தறிக்குழியில் எட்டிப் பார்த்தார். அரக்குப் பட்டும் சரிகையுமாக, நேற்றைய துணுக்குகள் விளக்கு வெளிச்சத்தில் கிடந்தன. குனிந்து கையை நீட்டியவர், அமாவாசை என்பது ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார். நாளைக்குத்தான் நூலைத் தொடலாம். விளக்கை அணைத்தார்.